நாடித் துடிப்பும் மனித ஆயுளும் – ஒரு வரலாற்றுப் பார்வை

மருத்துவர் ஒருவர் நோயாளியின் மணிக்கட்டைப் பற்றி நாடி பார்ப்பது மனித நாகரிகத்தின் மிகப் பழைய காட்சிகளுள் ஒன்று. கிரேக்கத்திலும் சீனத்திலும் பாரசீகத்திலும் நம் தமிழகத்திலும் வைத்தியம் என்றவுடன் மனக்கண்முன் வருவது அந்தக் காட்சியே. ஆயினும் இதில் ஒரு வியப்பு உண்டு. நாடியைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்களுள் மிகச் சிலரைத் தவிர, மற்றவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அதனை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணத் தொடங்கிய பின்னரும், 'அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதனின் நாடி நிமிடத்திற்கு எத்தனை முறை துடிக்கிறது? அம்மனிதன் எத்தனை காலம் வாழ்கிறான்?' என்னும் இரு கேள்விகளையும் அருகருகே வைத்து ஆராய மேலும் 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

நேற்று வரை நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர், ஐம்பது வயதைத் தாண்டுமுன்னரே மாரடைப்பால் மறைந்தார் என்ற செய்தி இன்று எந்த மஹல்லாவுக்கும் புதிதன்று. 'எந்த நோயும் இல்லாமல்தானே இருந்தார்' என்பதே ஜனாஸாவுக்கு வந்தோர் அனைவரும் சொல்லும் வார்த்தையாக இருக்கிறது. நோயின் அறிகுறி ஏதும் தெரியாத காலத்திலேயே இதயத்தின் நிலைமையைப் பற்றிச் சிறிதேனும் சொல்லக்கூடிய அடையாளம் ஒன்று உண்டா? செலவின்றி, கருவியின்றி, நம் கைவிரல்களாலேயே அறியத்தக்க அத்தகைய அடையாளங்களுள் ஒன்றுதான் ஓய்வுநிலை நாடித் துடிப்பு. அந்த உண்மையை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாற்றையும், அதன் எல்லை எதுவென்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

நீர்க்கடிகாரமும் ஜாலீனூஸும்

நாடியைக் காலத்தோடு ஒப்பிட்டு அளக்க முயன்றவர்களுள் நாமறிந்த முதல்வர் ஹீரோஃபிலஸ் ஆவார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த இந்தக் கிரேக்க மருத்துவர், சிறிய நீர்க்கடிகாரம் ஒன்றை நோயாளியின் அருகில் வைத்து, நீர் வடியும் நேரத்திற்குள் நாடி எத்தனை முறை துடிக்கிறது என்று பார்த்ததாகக் குறிப்பு உள்ளது. அவருக்குப் பின் அம்முறை வளரவில்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ்பெற்று விளங்கிய கேலன், நாடியைப் பற்றிப் பல நூல்கள் எழுதினார். அரபு மருத்துவர்கள் ஜாலீனூஸ் என்று பெருமதிப்புடன் குறிப்பிட்டது இவரைத்தான். நாடியின் தன்மைகளை மிக நுட்பமாக வகைப்படுத்தியவர் அவர். ஆனால் அவருடைய உடற்கூற்றியலில் பெரும் பிழையொன்று இருந்தது. இதயத்தின் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் பிரிக்கும் தடித்த சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதாகவும், அவற்றின் வழியே இரத்தம் கசிந்து செல்வதாகவும் அவர் கருதினார். நாளங்கள் துடிப்பதற்கு அவற்றின் சுவர்களிலேயே ஓர் ஆற்றல் இருப்பதாகவும் எண்ணினார். நாடி என்பது இதயம் இரத்தத்தைத் தள்ளுவதால் எழும் அலை என்ற தெளிவு அக்காலத்தில் இல்லை. நாடியை எண்ணினால் இதயத்தை எண்ணியதாகும் என்று எவருக்கும் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இப்னு சீனாவின் பத்து அளவைகள்

கி.பி. 980ஆம் ஆண்டில் புகாரா நகருக்கு அருகிலுள்ள அஃப்ஷானா என்னும் ஊரில் பிறந்து, 1037இல் ஹமதான் நகரில் மறைந்த இப்னு சீனாவை அறியாத மருத்துவ வரலாறு இல்லை. அவருடைய 'அல்கானூன் ஃபித் திப்' என்னும் ஐந்து பாகங்கள் கொண்ட பெருநூல், 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலைதோ நகரில் இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அது பாடநூலாக இருந்தது.

அந்நூலில் 'நப்ள்' எனப்படும் நாடியைப் பற்றிய பகுதி தனிச்சிறப்புடையது. நாடியைப் பத்து வகையில் ஆராய வேண்டும் என்கிறார் இப்னு சீனா. நாளம் எவ்வளவு விரிகிறது, விரலில் எவ்வளவு வலுவாக மோதுகிறது, எவ்வளவு விரைவாக அசைகிறது, நாளத்தின் சுவர் கடினமா மென்மையா, உள்ளே நிறைவா வெறுமையா, தொடுவதற்கு வெப்பமா தட்பமா, இரு துடிப்புகளுக்கு இடையே உள்ள ஓய்வு எவ்வளவு, துடிப்புகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா, மாறுபட்டால் அம்மாறுபாட்டில் ஓர் ஒழுங்கு உண்டா, நாடியின் சந்தம் எப்படியிருக்கிறது என்பனவே அப்பத்து. சந்தத்தைக் குறிக்க அவர் ஆண்ட 'வஸ்ன்' என்ற சொல், அரபுக் கவிதையின் யாப்பளவையைக் குறிப்பதும் ஆகும். மான் துள்ளுவது போன்றது, எறும்பு ஊர்வது போன்றது, புழு நெளிவது போன்றது, எலியின் வால் போன்றது, இரம்பப் பல் போன்றது என்று நாடி வகைகளுக்கு அந்நூல் சூட்டும் பெயர்கள், அவருடைய விரல்களின் நுண்ணுணர்வுக்குச் சான்றாகும். யூனானி மருத்துவத்தின் நாடிப் பரிசோதனை இன்றும் இவ்வழியில் வந்ததே. வாதம், பித்தம், கபம் என மூன்று விரல்களால் மூன்று நாடிகளை உணரும் நம் சித்த மருத்துவமும், வேறொரு மரபில் நின்று, நாடியின் தன்மையையே முதன்மையாகக் கொள்கிறது.

இந்தப் பத்தில் ஒன்றான 'இரு துடிப்புகளுக்கு இடையே உள்ள ஓய்வு' என்பதே இன்று நாம் நிமிடத்திற்கு இத்தனை என்று சொல்லும் எண்ணுக்கு மிக நெருக்கமானது. நாடி அடுத்தடுத்து நெருக்கமாக வருகிறதா, இடைவெளி விட்டு வருகிறதா என்பதை இப்னு சீனா கவனித்தார். ஆனால் அதனை எண்ணாக எழுதும் வழக்கம் இல்லை. நொடி காட்டும் கடிகாரம் இல்லாத காலத்தில் அது எளிதும் அன்று.

இப்னு சீனாவைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்றை 12ஆம் நூற்றாண்டின் பாரசீக எழுத்தாளர் நிஜாமி அரூஸி பதிவு செய்துள்ளார். குர்கான் நாட்டு அரசரின் உறவினரான இளைஞர் ஒருவர் எவராலும் கண்டறிய முடியாத நோயால் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இப்னு சீனா அவருடைய நாடியில் விரலை வைத்துக்கொண்டு, அவ்வூரின் பகுதிகளையும் தெருக்களையும் நன்கறிந்த ஒருவரை அழைத்து அவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்தார். குறிப்பிட்ட ஒரு பகுதியின் பெயர் வந்தபோது நாடி தடுமாறியது. பின்னர் அப்பகுதியின் தெருக்கள், வீடுகள், வீட்டிலுள்ளோர் எனத் தொடர்ந்து, இளைஞர் மனத்தில் மறைத்து வைத்திருந்த பெண் யாரென்று கண்டறிந்தார். இளைஞரின் நோய் காதல்! இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்றை ஜாலீனூஸும் எழுதியிருக்கிறார். இம்முறையைத் தாம் சோதித்துப் பார்த்ததாக இப்னு சீனாவே கானூனில் குறிப்பிடுகிறார். மனத்தின் அசைவு நாடியில் தெரியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அது எவ்வழியாகத் தெரிகிறது என்பதை அறிய மேலும் எண்ணூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

இப்னு நஃபீஸ் முதல் ஹார்வி வரை

ஜாலீனூஸின் பிழையைத் துணிந்து மறுத்தவர் இப்னு அந்நஃபீஸ் ஆவார். திமிஷ்க் நகருக்கு அருகில் பிறந்து, கெய்ரோ நகரில் தலைமை மருத்துவராக விளங்கி, 1288இல் மறைந்தவர். தம்முடைய வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கே வழங்கிச் சென்றவர். இப்னு சீனாவின் கானூனில் உள்ள உடற்கூற்றியலுக்கு 1242இல் அவர் எழுதிய விளக்கவுரையில், இதயத்தின் இடைச்சுவரில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை என்று திட்டவட்டமாகக் கூறினார். வலப்பக்க இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பின்னரே இதயத்தின் இடப்பக்கத்தை அடைகிறது என்று விளக்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை.

இந்நூலின் முக்கியத்துவம் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. 1924இல் ஜெர்மனியில் பயின்ற எகிப்திய மருத்துவரான முஹ்யித்தீன் அத்ததாவி, பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் படியைப் படித்து, இவ்வுண்மையை உலகறியச் செய்தார். தம் பெருமையைத் தம் நூலகத்திலேயே தேடத் தவறியவர்களுக்கு இச்செய்தி ஒரு பாடமாகும்.

இரத்தம் உடல் முழுவதும் சுற்றி மீண்டும் இதயத்திற்கே வருகிறது என்று 1628இல் நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. அவருடைய வாதத்தின் அடித்தளம் ஓர் எண்ணிக்கையே. அரை மணி நேரத்தில் இதயம் ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சிறிதளவு இரத்தம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், உண்ணும் உணவிலிருந்து அவ்வளவு இரத்தம் புதிதாக உண்டாக வழியே இல்லை. ஆகவே அதே இரத்தம் சுழன்று வரவேண்டும். உண்மையில், அமைதியாக இருப்பவருக்கே அரை மணியில் இரண்டாயிரம் துடிப்புகள் வரை இருக்கும். மிகக் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் தம் வாதம் நிற்கும் என்பதை ஹார்வி காட்டினார். அன்று முதல் மணிக்கட்டில் தெரிவது இதயத்தின் செயலே என்பது உறுதியாயிற்று.

எண்ணத் தொடங்கிய காலம்

ஹார்வியின் காலத்திலேயே, இத்தாலியின் சாந்தோரியோ நாடியை அளக்க ஒரு கருவியைச் செய்தார். நூலில் கட்டித் தொங்கவிட்ட ஈயக்குண்டு ஊசலாடும். அவ்வூசல் நாடியோடு ஒத்து ஆடும் வரை நூலைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்வார். இறுதியில் கிடைக்கும் நூலின் நீளமே நாடியின் அளவு! நிமிடத்திற்கு எத்தனை என்று சொல்ல அவரிடம் கடிகாரம் இல்லை.

இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு நகர மருத்துவர் ஜான் ஃப்ளோயர் இக்குறையை நீக்கினார். சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதனைக் கொண்டு நாடியை எண்ணி, 1707இல் ஒரு நூலாக வெளியிட்டார். வயது, பருவம், உணவு, உழைப்பு ஆகியவற்றுக்கேற்ப நாடி எவ்வாறு மாறுகிறது என்று பட்டியலிட்டார். ஆயினும் மருத்துவர்கள் கடிகாரத்தை எடுத்து நாடியை எண்ணுவது பரவலான வழக்கமாக நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதன் பின்னரும் நாடி எண்ணப்பட்டது பெரும்பாலும் காய்ச்சல் முதலான நோய்களில் நோயாளியின் நிலையை அறியவே. நலமாக இருப்பவரின் நாடியை எவரும் பொருட்படுத்தவில்லை.

இதயத்தின் கடிவாளம்

நாடி ஏன் ஒருவருக்கு 60 ஆகவும் மற்றொருவருக்கு 90 ஆகவும் இருக்கிறது? 1845இல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள், மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் என்னும் நரம்பைத் தூண்டினால் இதயம் மெதுவாகிறது, நின்றும் விடுகிறது என்று காட்டினர். இதயத்தைத் துடிக்க வைக்கும் சிறு திசுமுடிச்சை 1907இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இருவர் கண்டுபிடித்தனர். 1921இல் ஆட்டோ லோவி, வேகஸ் நரம்பால் மெதுவாக்கப்பட்ட ஒரு தவளை இதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து மற்றொரு தவளை இதயத்தின் மேல் விட்டபோது அதுவும் மெதுவாகியது. நரம்பு ஒரு வேதிப்பொருளின் வழியே பேசுகிறது என்பது அதனால் தெளிவாயிற்று. அதற்காக அவருக்கு 1936இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இவற்றிலிருந்து நாம் அறிவது இதுதான். எந்த நரம்பின் கட்டுப்பாடும் இல்லாமல் விட்டால், இளைஞர் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வின்போது வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதால்தான் அது 60, 70 என்று குறைகிறது. அச்சம், கவலை, கோபம், உழைப்பு ஆகியவற்றின்போது கடிவாளம் தளர்கிறது. எதிர்த்திசையில் விரட்டும் நரம்புகளும் வேலை செய்கின்றன. குர்கான் இளைஞரின் நாடியில் இப்னு சீனா கண்டது இதனைத்தான்.

இன்னொன்றும் உண்டு. உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இதயம், தன் தசைக்குரிய இரத்தத்தைப் பெரும்பாலும் தான் தளரும் நேரத்தில்தான் பெறுகிறது. துடிப்பு விரைவாகும்போது சுருங்கும் நேரம் அதிகம் குறைவதில்லை. தளரும் நேரமே குறைகிறது. ஆக, வேகமாகத் துடிக்கும் இதயத்திற்கு வேலை கூடுகிறது, ஊட்டம் பெறும் நேரமோ சுருங்குகிறது. உடலுழைப்பால் உறுதிபெற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளுவதால், குறைந்த துடிப்புகளிலேயே வேலையை முடித்துவிடுகிறது.

ஊர் ஊராக எண்ணியபோது

தனியொரு மருத்துவர் தம் வாழ்நாளில் பார்க்கும் நோயாளிகளைக் கொண்டு, எவ்வகை நாடியுடையோர் நீண்ட காலம் வாழ்கின்றனர் என்று அறிய முடியாது. நலமாக உள்ள ஆயிரக்கணக்கானோரைப் பதிவு செய்து, இருபது முப்பது ஆண்டுகள் பின்தொடர வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அது கைகூடியது.

1945இல் அமெரிக்க இராணுவ அதிகாரிகளின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், பரிசோதனையின்போது நாடி அவ்வப்போது வேகமாக இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்த நோய் கூடுதலாக வந்ததைக் கண்டனர். 1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்ஹாம் என்னும் சிற்றூரில் 5,209 ஆண்களும் பெண்களும் பதிவு செய்யப்பட்டனர். இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியவை மாரடைப்புக்குக் காரணம் என்று இன்று நாம் எளிதாகச் சொல்வதற்கு அவ்வூர் மக்களே பெரிதும் காரணம். அவர்களுடைய 30 ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு 1987இல் வெளியான ஆய்வு, ஓய்வுநிலை நாடி கூடக்கூட இறப்பும் படிப்படியாகக் கூடுவதைக் காட்டியது. சிகாகோ நகரில் நடந்த மூன்று ஆய்வுகளைத் தொகுத்து 1980இல் வெளியான கட்டுரையும் நாடிக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியிருந்தது.

திடீர் மரணத்தைப் பற்றிய கேள்விக்கு நேரடியான விடை பாரிஸ் நகரிலிருந்து வந்தது. 1967 முதல் 1972 வரை, 42 முதல் 53 வயதுக்குட்பட்ட, இதயநோய் ஏதும் தென்படாத, வேலைக்குச் சென்றுகொண்டிருந்த 5,713 ஆண்கள் பரிசோதிக்கப்பட்டனர். 23 ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தபோது 81 பேர் திடீரென இறந்தனர். ஓய்வில் நாடி 75க்கு மேல் இருந்தவர்களுக்கு, மாரடைப்பால் திடீரென இறக்கும் அபாயம் குறைந்த நாடி உடையோரைவிட ஏறத்தாழ 4 மடங்காக இருந்தது. மிதிவண்டிப் பயிற்சியை நிறுத்திய முதல் நிமிடத்திலேயே நாடி 25 துடிப்புகளாவது குறையாதவர்களுக்கும் அபாயம் 2 மடங்குக்கு மேல் இருந்தது. வேகஸ் என்னும் கடிவாளம் தளர்ந்தவர்கள் அவர்கள். இவ்வாய்வு 2005இல் வெளியானது. 'எந்த நோயும் இல்லாமல்தானே இருந்தார்' என்று நாம் சொல்லும் மனிதர்களைப் பற்றியதே இது.

நார்வே நாட்டில் 29,000க்கு மேற்பட்டோரிடம் ஏறத்தாழ 10 ஆண்டு இடைவெளியில் இருமுறை நாடி எண்ணப்பட்டது. முதலில் 70க்குக் கீழ் இருந்து, பின்னர் 85க்கு மேல் ஏறியவர்கள் இதயநோயால் இறக்கும் அபாயம், இருமுறையும் 70க்குக் கீழேயே இருந்தவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று 2011இல் அவ்வாய்வு தெரிவித்தது. 2013இல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வோ, உடல்வலுவில் உள்ள வேறுபாட்டைக் கழித்துப் பார்த்த பின்னரும், ஒவ்வொரு 10 துடிப்புக்கும் இறப்பின் அபாயம் 16 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. 12 இலட்சத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய 46 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கட்டுரை, 10 துடிப்புக்கு 9 விழுக்காடு என்று மதிப்பிட்டது.

அடையாளமா, காரணமா?

இவ்வளவையும் படித்தவுடன், 'அப்படியானால் மாத்திரை கொடுத்து நாடியைக் குறைத்துவிட்டால் ஆயுள் கூடிவிடுமே' என்று எவருக்கும் தோன்றும். மருத்துவ உலகத்திற்கும் தோன்றியது. அதன் விடைதான் இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதியாகும்.

ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கிய புரோப்ரனலால் என்னும் மருந்து, இதயத்தை விரட்டும் நரம்புகளின் செய்தியைத் தடுத்து நாடியைக் குறைத்தது. அவருக்கு 1988இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மாரடைப்பு வந்து பிழைத்த 3,837 பேரிடம் அம்மருந்து சோதிக்கப்பட்டு 1982இல் வெளியான முடிவில், மருந்து பெறாதோரில் 9.8 விழுக்காட்டினரும் பெற்றோரில் 7.2 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். நாடியை மட்டுமே குறைத்து வேறெதையும் தொடாத ஐவபிரடின் என்னும் மருந்து, இதயம் பலவீனமடைந்த 6,558 நோயாளிகளிடம் நற்பலன் தந்ததாக 2010இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் 2014இல் வேறொரு செய்தி வந்தது. இதயநாளங்களில் அடைப்பு இருந்தும் இதயத்தின் வலிமை குன்றாத 19,102 பேரிடம் அதே ஐவபிரடின் சோதிக்கப்பட்டது. நாடி 60 அளவுக்கு இறங்கியது உண்மை. ஆயினும் இறப்போ மாரடைப்போ குறையவில்லை. புரோப்ரனலாலின் வழிவந்த மருந்துகளும், மாரடைப்புக்குப் பின் இதயத்தின் சுருங்கும் திறன் நன்றாக இருப்பவர்களுக்கு இக்காலச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது தெளிவான பலன் தரவில்லை என்று 5,020 பேரிடம் நடந்த ஆய்வு 2024இல் காட்டியது.

இதன் பொருள் என்ன? இதயம் பலவீனப்பட்டவருக்கு விரைந்த துடிப்பு தானே ஒரு சுமை. அதைக் குறைப்பது மருத்துவம். மற்றவர்களிடம் அது பெரும்பாலும் ஓர் அடையாளம். உழைப்பில்லாத உடல், புகைபிடித்தல், தூக்கமின்மை, ஓயாத மனஅழுத்தம், இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, மறைந்திருக்கும் நோய் என்று எத்தனையோ காரணங்கள் அந்த ஓர் எண்ணில் வந்து சேர்கின்றன. வீட்டில் புகை தெரிந்தால் தீயைத் தேட வேண்டும்; புகையை மட்டும் விசிறி விரட்டுவதால் பயனில்லை.

இதயத்திற்கு இத்தனை துடிப்புகள் என்று கணக்குண்டு, உடற்பயிற்சி செய்தால் அவை விரைவில் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. கணக்கைப் போட்டுப் பார்த்தாலே இது தவறென்று விளங்கும். ஓய்வில் 70 துடிப்புள்ள ஒருவர் நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடக்கும்போது நாடி 120 ஆனால், கூடுதலாகச் செலவாவது 1,500 துடிப்புகள். அப்பழக்கத்தால் ஓய்வுநிலை நாடி 5 குறைந்தால், மீதமுள்ள இருபத்து மூன்றரை மணி நேரத்தில் மிச்சமாவது 7,050 துடிப்புகள்.

நாம் செய்யத்தக்கது

காலையில் எழுந்ததும், அல்லது தேநீர் முதலியன அருந்தாமல் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின், கட்டைவிரலின் அடிப்பக்கமாக உள்ள மணிக்கட்டுப் பகுதியில் மற்றைய கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்லப் பதிக்க வேண்டும். கட்டைவிரலைக் கொண்டு பார்த்தல் கூடாது. அதன் துடிப்பே குழப்பிவிடும். நொடிமுள்ளைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு நாள் கணக்கைக் கொண்டு முடிவு செய்யாமல், சில நாட்கள் எண்ணிக் குறித்துக்கொள்வது நலம். இன்று கைக்கடிகாரங்களே நாடியை எண்ணித் தருகின்றன என்றாலும், விரலால் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. துடிப்புகள் சீராக வருகின்றனவா என்பதையும் உணரலாம்.

பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பது மருத்துவ வழக்கு. நல்ல உடற்பயிற்சி உள்ளவர்களுக்கு 50க்குக் கீழும் இருக்கலாம். ஓய்வில் பலமுறை எண்ணியும் 100க்கு மேல் இருந்தால் மருத்துவரைக் காண வேண்டும். நாடி மிகக் குறைந்து தலைசுற்றலோ மயக்கமோ வந்தாலும் அவ்வாறே. துடிப்பு ஒழுங்கின்றித் தாறுமாறாக வந்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது அவசியம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கற்றுத் துடிக்கும் நோய் பக்கவாதத்திற்கு வழிகோலும். 'துடிப்புகள் ஒத்திருக்கின்றனவா, மாறுபட்டால் அதில் ஒழுங்கு உண்டா' என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா கேட்ட கேள்வி இன்றும் பொருளுடையதே. நாடியைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் தம் எண்ணைத் தாமே பார்த்துவிட்டு மருந்தை நிறுத்துவதோ கூட்டுவதோ கூடாது.

80, 90 என்று இயல்பின் எல்லைக்குள்ளேயே இருப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. அசட்டையாக இருக்கவும் வேண்டாம். மேலே கண்ட கணக்குகள் யாவும் ஆயிரக்கணக்கானோரின் சராசரியே தவிர, எவருடைய தவணை எப்போது என்று அவை சொல்லமாட்டா. அவை சொல்வதெல்லாம், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளவும், புகையை விடவும், நாள்தோறும் நடக்கவும், நேரத்தில் உறங்கவும் இது தக்க வேளை என்பதுதான்.

ஆகவே ஜமாஅத் அன்பர்களே, குறிப்பாக நாற்பதைக் கடந்தவர்களே! இவ்வாண்டு உங்கள் ஓய்வுநிலை நாடியை எண்ணி ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் எண்ணுங்கள். வீட்டிலுள்ள பெண்களுக்கும் முதியோருக்கும் எண்ணிப் பாருங்கள். எண் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போவதாகத் தெரிந்தால், அக்குறிப்பேட்டையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். உடலில் எந்த நோயும் தெரியாத நாளில் செய்யக்கூடிய காரியம் அது.